ஒரு பெட்டியில் மூன்று டாங்கிகள்

அத்தியாயம் 9

போன ஞாயிற்றுக்கிழமை ஜொகூரிலிருந்து யுவா அம்மாவிடம் தொலைபேசியில் சொன்ன இரண்டு செய்திகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சனிக்கிழமை, கட்டிக்கொள்ளப் போகும் ரூபினியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்பது முதல் செய்தி. அதைக் கேட்டு வசுமதி பூரித்துப் போனாள்.

"வர்றப்போ என் பெட்டியெல்லாம் பாக்கணும்மா" என்பது இரண்டாவது.

அதற்கு அவள், "இங்க மழை, சரியா கேக்கல லா" என்று போனை வைத்துவிட்டாள். மழை பெய்யவில்லை.

சனிக்கிழமை விடிந்தபோது உண்மையாகவே தூறிக்கொண்டிருந்தது. எதிர்ச் சரிவில் தேயிலை பாதிதான் தெரிந்தது. மீதியைப் பனி மூடியிருந்தது. வசுமதி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கணவர் தர்மேந்திரன் மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு, பிரிஞ்சாங் டவுனிலிருந்து என்னென்ன வாங்கி வரவேண்டும் என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"கோழி, தக்காளி, கொஞ்சம் ஸ்ட்ராபெரி. அந்தப் பொண்ணு கிள்ளான்காரி, ஆசையா சாப்புடும்."

"சரி. அவன் வந்ததும் நீயே சொல்லிடு."

"நீங்க சொல்லுங்களேன்."

"நான் ஷெல்ஃபு மட்டும்தான் அடிச்சேன். டேங்கு கட்டுனது நீ."

"சிரிக்காதீங்க. அவன் மூஞ்சிய எப்டிப் பாக்கறதுன்னு இருக்கு."

"பெத்த புள்ளகிட்ட என்ன பயம்? போனாப் போவுதுன்னு சொல்லிட்டுப் போறான்."

அவர் மோட்டர் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஆனால், போனால் போகிறது என்று யுவா சொல்ல மாட்டான் என்று வசுமதிக்குத் தெரியும்.

யுவா பள்ளிக்கூடம் படித்த காலத்திலிருந்தே அவனுக்கு அந்த ஒரே கிறுக்கு. ஈப்போவுக்குப் போகும்போதெல்லாம் ஒரு பெட்டி வாங்கி வருவான். உள்ளே பிளாஸ்டிக் சட்டங்களில் கோத்தபடி நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டித் துண்டுகள் இருக்கும். வெட்டி எடுத்து, தேய்த்து, ஒட்டி, வர்ணம் பூசினால் கையகல டாங்கி. எல்லாமே பழைய உலகப் போரில் ஓடிய ஷெர்மன் என்ற ஒரே ஜாதி டாங்கி. ஆனால் ஒவ்வொரு பெட்டியும் ஒரு தினுசு. வாங்குவதில் இருந்த வேகம் அவனுக்குக் கட்டுவதில் இல்லை. ஒன்றிரண்டைக் கட்டினான். மற்றதெல்லாம் அலமாரி உச்சியில் ஏறிக்கொண்டே போயிற்று. "தொடாதம்மா, தூசி தட்டக்கூடத் தொடாத" என்பான். ஜொகூரில் வேலை கிடைத்துப் போகும்போதும் அதையே சொல்லிவிட்டுப் போனான்.

அவளும் தொடாமல்தான் இருந்தாள். முந்தின வருஷம் ஈரப்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறியும் வரை.

மாவுக்கட்டு பிரித்த பிறகு விரல்கள் மடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த மலாய்ப் பெண், சின்னச் சின்னப் பொருளாகப் பொறுக்கிப் பழகுங்கள் என்றாள். பட்டாணி பொறுக்கினாள். பொத்தான் பொறுக்கினாள். சலித்துப் போய் ஒரு நாள் அலமாரியைப் பார்த்தாள். ஒரே ஒரு பெட்டி என்றுதான் இறக்கினாள்.

அதோடு நின்றிருந்தால் இன்றைக்கு இந்தப் பயம் இருந்திருக்காது.

*

பத்து மணிக்கு முன்னாலேயே கார் சத்தம் கேட்டது. யுவா இளைத்திருந்தான். அவன் பின்னால் ரூபினி, தோளைச் சுருக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் ஒரு கேக் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"வாங்கம்மா, வா வா. காடிய மேலயே நிப்பாட்டிட்டியா? வழியில ஜாமா?"

"கியா பார்ம் பக்கம் போகலியே, ரிங்லெட் வழியாத்தானே வந்தோம். ஜாம் இல்லம்மா."

"ஆன்ட்டி, இவ்ளோ குளிரும்னு இவர் சொல்லவே இல்ல" என்றாள் ரூபினி. பற்கள் தந்தியடித்தன. வசுமதி தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவள் மேல் போட்டாள். அந்தப் பெண் மறுக்காமல் கைகளை நுழைத்துக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷத்திலேயே வசுமதிக்கு அவளைப் பிடித்துவிட்டது.

தோசையும் நெத்திலி சம்பலும் சாப்பிட்டார்கள். பேச்சு எப்போதும்போல அந்த நாலைந்து சொற்களுக்குள்ளேயே சுற்றியது. அங்க வெயிலா, வேலை கஷ்டமா, சூசாவா, ஒழுங்கா சாப்புடுறியா. நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த கேள்விகள். யுவாவும் தேய்ந்த பதில்களையே சொன்னான்.

"அப்பா வீட்டு விஷயம் என்னம்மா சொல்றாரு?"

"அதே பாட்டுத்தான். மலைய விட்டு எறங்க மாட்டேன்றாரு."

தர்மேந்திரன் எஸ்டேட் லோரி ஓட்டுபவர். வருஷக் கடைசியோடு அவருக்கு ஓய்வு. அதன் பிறகு இந்த லைன் வீட்டை எஸ்டேட்டிடம் ஒப்படைத்தாக வேண்டும். ஜொகூருக்கு வந்துவிடுங்கள் என்று யுவா ஆறேழு மாதமாக வற்புறுத்தி வந்ததும், ரிங்லெட்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டு இருப்பேன் என்று அவர் முரண்டு பிடித்ததும் உங்களுக்குத் தெரியும். இன்று யுவா வற்புறுத்தவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு கை கழுவப் போனான். வசுமதி அதைக் கவனித்திருக்க வேண்டும். ஆனால் அவள் கவனமெல்லாம் அவன் அடுத்து எங்கே போவான் என்பதிலேயே இருந்தது.

அவன் தன் பழைய அறைக்குத்தான் போனான். நாற்காலி இழுபடும் சத்தம். அட்டை உரசும் சத்தம்.

பிறகு சத்தமே இல்லை.

"ம்மா."

வசுமதி கரண்டியோடு வாசலில் போய் நின்றாள். கட்டிலின் மேல் பெட்டிகள் திறந்து கிடந்தன. உள்ளே துண்டுகள் வெட்டியெடுத்த வெறும் சட்டங்கள், மீன் தின்றுவிட்டு வைத்த முள்ளைப்போல.

"யாரும்மா?"

"நான்தான்."

"நீயா?" அவனுக்குப் புரியவில்லை. "நீ என்ன பண்ண?"

"கட்டுனேன். கை சரியில்லாதப்போ பயிற்சிக்குன்னு ஆரம்பிச்சேன். அப்புறம்... கை சரியாயிடுச்சு. நான் நிறுத்தல."

"எல்லாத்தையுமா?"

"இது மட்டும் தொடல." அலமாரியின் ஓரத்தில் தனியாக இருந்த ஒரு பெட்டியைக் காட்டினாள். "நீ அடிக்கடி எறக்கித் தெறந்து பாத்துட்டு மூடி வெப்பியே, அது."

அவன் கத்தியிருந்தால் அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள். அவன் கத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்து ஒரு வெறும் சட்டத்தைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தான்.

"அங்க ரூம்ல தூக்கம் வராதும்மா. அப்பல்லாம், வீட்ல பெட்டி இருக்கு, போயி எத மொதல்ல கட்டலாம்னு யோசிச்சுக்கிட்டே படுப்பேன். நீளத் துப்பாக்கி வெச்சது மொதல்லயா, சங்கிலி வெச்சது மொதல்லயான்னு. அப்டியே தூங்கிடுவேன். எல்லாமே அப்டியே இருக்கும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

தான் எடுத்தது பெட்டி மட்டும் இல்லை என்று வசுமதிக்கு அப்போதுதான் உறைத்தது.

"போன்லயாவது சொல்லியிருக்கலாம்லா" என்றான். குடையைக்கூட எடுக்காமல் பின்வாசல் வழியாகத் தேயிலைப் பக்கம் இறங்கிப் போனான்.

*

அடுப்பில் சாம்பார் கொதித்தது. வசுமதி தீயைக் குறைத்துவிட்டு, திரும்பவும் கூட்டினாள். ரூபினி பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, நான் பாக்கலாமா? நீங்க கட்டுனத."

பின்னறையில் பழைய சேலை ஒன்று திரையாகத் தொங்கியது. வசுமதி அதை விலக்கினாள். தர்மேந்திரன் அடித்த இரண்டு தட்டுப் பலகையில், பச்சையும் பழுப்புமாக டாங்கிகள் வரிசையாக நின்றன. சக்கரத்தில் சேறு பூசியிருந்தது. ஒன்றின் முதுகில் சுருட்டிய கூடாரத் துணிகூட இருந்தது, தீப்பெட்டிக் குச்சி அளவில்.

ரூபினி வெகுநேரம் பார்த்தாள். பிறகு தயங்கிக் கேட்டாள்.

"ஆன்ட்டி, தப்பா நெனைக்காதீங்க. எல்லாம் ஒண்ணேதானே?"

"எல்லாரும் அப்டித்தான் கேப்பாங்க. நானும் அப்டித்தான் நெனச்சேன்." வசுமதியின் குரலில் இருந்த கலக்கம் கொஞ்சம் விலகியது. "இங்க பாரு. உடம்பு எல்லாத்துக்கும் ஒண்ணுதான். சக்கரமும் ஒண்ணுதான். இது சாதாரணம், குட்டைத் துப்பாக்கி. இது சுட்டா எதிராளி பெரிய டேங்குல பொறி மட்டும்தான் பறக்குமாம். அதனால இதுக்கு நீளத் துப்பாக்கி வெச்சாங்க. கடல்ல எறக்கணும்னாங்க, தண்ணி உள்ள பூந்துடுமே? அதனால இதுக்குப் பின்னாடி ஒசரமா ரெண்டு குழாய். இது, முன்னாடி உருளையில சங்கிலி தொங்குது பாரு, அது சுத்திச் சுத்தித் தரைய அடிச்சு, பொதைச்சு வெச்ச வெடிய முன்னாலயே வெடிக்க வெச்சுடும். இதுக்குத் தலையே கெடையாது, கிரேன் மட்டும்தான். சேத்துல மாட்டுனத இழுக்கறதுக்கு. இது இவருக்கு ரொம்பப் புடிக்கும். லோரிக்காரரு இல்லையா."

ரூபினி சிரித்தாள்.

"ஒண்ண மட்டும் பாத்தா அது வெறும் டேங்குதான்மா. பக்கத்துல பக்கத்துல வெச்சாத்தான், எங்க என்ன கஷ்டம் வந்துச்சு, அதுக்கு ஒருத்தரு ஒக்காந்து என்ன யோசிச்சாருன்னு தெரியுது. அதான் எனக்கு நிறுத்த முடியல."

"நீங்களே எப்டி ஆன்ட்டி முடிவு பண்ணுவீங்க, எது கட்டறதுன்னு?"

வசுமதி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அத ஏன் கேக்குற. ஒரே பெட்டியில மூணு தினுசுல ஏதாவது ஒண்ணக் கட்டலாம், அதுக்கு ஒரு தாள் இருக்கும். மொதப் பக்கத்துலயே கேட்டுடும். ஏ கட்டப் போறியா, பி-யா, சி-யா? ஏ-ன்னா இந்த எடத்துல உள்பக்கமா ஓட்டை போடு, பி-ன்னா போடாத. ஒட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லியாகணும். மொதப் பெட்டிக்கு எனக்கு ஒரு வாரம் ஆச்சு. சிரிக்காதம்மா. என்கிட்ட யாரும் அப்டிக் கேட்டதே இல்லலா. பேக்கிங்குக்கு மாறற வரைக்கும், எந்த மலையில கொழுந்து வெட்டணும்னு வேலை வாங்கற மண்டோர் சொல்லுவாரு. எந்த வீட்ல இருக்கணும்னு ஆபீஸ் சொல்லும். இவரைக் கட்டிக்கன்னு எங்கப்பா சொன்னாரு. நல்ல மனுஷன்தான், அது வேற கதை. ஆனா கேக்கலல்ல? இந்தத் தாள் என்னைப் பாத்துக் கேட்டுச்சு."

"அப்புறம்?"

"ஏ கட்டுனேன். கட்டி முடிச்சதும் பி-யும் சி-யும் கண்ணுல வந்து நிக்குது. சாமானெல்லாம் மிச்சம் கெடக்கு, உடம்புதான் இல்ல. அதான் அடுத்த பெட்டிய எறக்குனேன். அப்புறம் அதுக்கடுத்தது." அவள் குரல் தணிந்தது. "அவன் ஆசையத்தான் தின்னுக்கிட்டு இருக்கேன்னு தோணாமலே போச்சு."

ரூபினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "ஆன்ட்டி, அவர் இன்னிக்கு வந்ததே..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். பின்வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

யுவா தொப்பலாக நனைந்து வந்து நின்றான். திரை விலகியிருந்தது. அவன் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் பலகைக்குப் போனான். முகத்தை அருகில் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பார்த்தான். தலைமுடியிலிருந்து சொட்டும் தண்ணீர் டாங்கிகள் மேல் விழாமல் இருக்கத் தலையைச் சாய்த்துக்கொண்டான். வசுமதி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மூச்சுவிட்டாள்.

"இதுல ஏன் மெஷின்கன் வெச்ச?" என்றான் திடீரென்று.

"எதுல?"

"நீளத் துப்பாக்கி வெச்சதுல. முன்னாடி ஒக்காந்து சுடற ஆளே இதுல கெடையாதும்மா. அந்த ஆள எடுத்துட்டு, அந்த எடத்துல குண்டு அடுக்கி வெச்சாங்க. ஓட்டைய மூடறதுக்கு ஒரு சின்ன மூடி குடுத்திருப்பானே?"

"அந்த உருண்டையா இருந்ததா? அது எதுக்குன்னு தெரியாம மிச்சத்துல போட்டுட்டேன். ஓட்டை அசிங்கமா இருந்துச்சு. துப்பாக்கி வெச்சேன்."

"அசிங்கமா இருந்துச்சுன்னு துப்பாக்கி வெப்பாங்களா?"

"சரி லா, பெயர்த்து எடுத்துடறேன்."

"வேணாம், வேணாம். வர்ணம் போயிடும்." அவன் அடுத்ததற்கு நகர்ந்தான். "இதுவும் தப்பு. சங்கிலி டேங்குல துப்பாக்கிய ஏன் பின்னாடி திருப்பி வெச்சிருக்க?"

"அது தப்பு இல்ல."

"தப்பும்மா. போற பக்கம்தானே சுடணும்?"

"சங்கிலி சுத்தறப்போ முன்னாடி வெடி வெடிக்கும்ல? குழல் முன்னாடி நீட்டிக்கிட்டு இருந்தா என்னாவறது? வேலை செய்யறப்போ பின்னாடி திருப்பிடுவாங்க. வீடியோவுல பாத்தேன். வேணும்னா நீயும் பாரு."

யுவா போனை எடுத்துத் தேடினான். நின்றுகொண்டே பார்த்தான். ரூபினி அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி சொல்றதுதான் சரி" என்றாள்.

"நீ சும்மா இரு லா."

"ஆளுக்கு ஒண்ணு தப்பு" என்றாள் வசுமதி. "தலைய தொடை மொதல்ல."

அவன் சிரித்துவிட்டான். முகத்தைச் சுருக்கிக்கொண்டு, சிரிக்கக் கூடாது என்று நினைத்து, முடியாமல் சிரித்தான். வசுமதிக்கு அழுகை வந்தது. நாலு வருஷத்தில் அவனிடம் சாப்பிட்டாயா என்று கேட்காமல் இவ்வளவு நேரம் பேசியது இதுதான் முதல் தடவை.

*

தொடாத பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தார்கள். புது பிளாஸ்டிக் வாசனை வந்தது. யுவா கண்ணை மூடி அதை முகர்ந்தான். தாளை விரித்தான். மூன்று படங்கள். ஏ, சாதாரணம். பி, முன்னால் மண் தள்ளும் பலகை. சி, கடலில் இறங்கும் குழாய்.

"பி" என்றான் அவன்.

"சி" என்றாள் அவள், அதே நேரத்தில்.

"குழாய் வெச்சது உன்கிட்டதான் ஏற்கனவே இருக்கே?"

"அது வேற பெட்டி, வேற தினுசு. இதுல குழாய் மேல மூடி வரைக்கும் குடுத்திருக்கான், பாரு."

அவன் தாளின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தான். பிறகு ரூபினியைப் பார்த்தான். அவள் மெல்லத் தலையசைத்தாள்.

"ம்மா, நான் பெட்டியெல்லாம் எடுத்துட்டுப் போக வரல. ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கத்தான் வந்தேன். எதுன்னு பாத்து முடிவு பண்ணலாம்னு."

"ஒண்ணு எதுக்கு? காடியிலதான் எடம் இருக்கே?"

"பிளேன்ல எடம் இல்லம்மா. கம்பெனியில வெளிநாட்டுக்கு, பெர்த்துக்கு அனுப்பறாங்க. மூணு வருஷம். கல்யாணம் முடிஞ்ச கையோட கெளம்பணும். போன மாசம்தான் முடிவாச்சு. போன்ல சொல்ல வாய் வரல."

மழை தகரக் கூரையில் வலுத்தது. சட்டத்திலிருந்து உதிர்ந்து பெட்டியில் கிடந்த சின்னத் துண்டை, சக்கரத்தின் அச்சு அது, வசுமதி எடுத்து மேசையில் வைத்தாள். அது உருண்டு போனது. ரூபினி பிடித்துக்கொடுத்தாள்.

போன்ல சொல்லியிருக்கலாம்லா என்று அவளும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவனும் அதை எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

"அங்க தேங்கா கெடைக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லாம் கெடைக்கும் ஆன்ட்டி" என்றாள் ரூபினி.

வசுமதி எழுந்தாள். பெட்டியை மூடி அவன் பக்கம் தள்ளினாள்.

"அப்ப இத எடுத்துட்டுப் போ. நான் இதே மாதிரி இன்னொண்ணு வாங்கிக்கறேன். நீ அங்க பி கட்டு, நான் இங்க சி கட்டறேன். ஞாயித்துக்கிழமை போன்ல காட்டு. எங்க தப்பு பண்ணியிருக்கன்னு நானும் பாக்கணும்ல?"

யுவா பெட்டியின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டான்.

"இங்கன்னா எங்கம்மா?" என்றான் பிறகு. "இந்த வீடுதான் போயிடுமே?"

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் மோட்டர் சத்தம்.

தர்மேந்திரன் உள்ளே வந்தார். கையில் கோழிப் பை, கழுத்தில் மழைநீர், முகம் முழுக்கச் சிரிப்பு. ரூபினியைப் பார்த்து, "வாம்மா, வாம்மா" என்றார். உட்காராமலே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாரும் இருக்கீங்க, நல்லதாப் போச்சு. யுவா, நீ சொன்னதுதான் சரிப்பா, இந்த வயசுல ஒத்த ரூமுல கெடந்து என்ன பண்றது. வர்ற வழியில ஆபீஸ்ல எறங்கி, கணக்கு எழுதற கிராணி பழனியப்பன்கிட்ட சொல்லிட்டேன். வீட்டைக் குடுத்துடறோம், மகன்கிட்ட ஜொகூருக்குப் போறோம்னு. பழனியப்பன் என்னா சந்தோஷப்பட்டாரு தெரியுமா? வீட்டுக்கு ஆளு காத்துக்கிட்டு இருக்காம். ஆபீஸ் சாத்தறதுக்குள்ள மேல எழுதி அனுப்பிடறேன்னாரு."

யுவாவும் ரூபினியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

"என்னப்பா? இதத்தானே நீ கேட்டுக்கிட்டு இருந்த?"

யுவா எழுந்து அப்பாவின் பக்கத்தில் போய் நின்றான். "அப்பா, நான் ஜொகூர்ல இருக்க மாட்டேன்பா. பெர்த்துக்குப் போறேன். மூணு வருஷம். இப்பத்தான் அம்மாகிட்ட சொன்னேன்."

கோழிப் பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தர்மேந்திரன் அதை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"பெர்த்தா?" என்றார். "அங்க குளிருமா?"

"இங்க மாதிரிதான்பா, கொஞ்ச மாசம்."

"அப்டின்னா உனக்குப் பழக்கம்தான்." தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம் ஆட்டினார். "நல்லது. நல்ல விஷயம்தான். நாங்க எங்கயாச்சும்... ரிங்லெட்ல..."

"ஜொகூர் வீட்லயே நீங்க ரெண்டு பேரும் இருங்கப்பா. வாடகை நான் பாத்துக்கறேன்."

"நீ இல்லாத வீட்ல நாங்க போயி என்னப்பா பண்றது?"

வசுமதி துண்டை எடுத்து வந்து கணவரின் தலையில் போட்டாள். பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். குரல் உயரவில்லை. "நான் எங்க இருக்கணும்னு யாராச்சும் கேட்டீங்களா?"

அப்பாவும் மகனும் ஒரே மாதிரி விழித்தார்கள்.

"சொல்லும்மா" என்றான் யுவா.

"உங்கப்பாவுக்குத்தான் வேலை முடியுது. எனக்கு முடியல. பேக்கிங் செக்‌ஷன்ல இன்னும் பல வருஷம் இருக்கு. வேலை இருக்கற ஆளுக்கு எஸ்டேட்ல வீடு உண்டு. போன வாரம் எஸ்டேட் மேனேஜர் துரை அந்தப் பக்கம் வந்தப்போ கேட்டேன். இந்த வீட்டையே என் பேர்ல மாத்தித் தர முடியுமான்னு. முடியும்னாரு. திங்கக்கிழமை கிராணிகிட்ட சொல்றேன்னாரு. இவருக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் சொல்லாம வெச்சிருந்தேன்."

தர்மேந்திரன் துண்டைத் தலையிலிருந்து மெல்ல இழுத்தார்.

"என் பேர்ல இருந்த வீடு உன் பேர்லயா?"

"ஆமாங்க."

அவர் அவளைப் பார்த்தார். கோபமா, வருத்தமா என்று வசுமதியால் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அவர் முகத்தில் இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. யுவா குறுக்கே பேச வந்தான். ரூபினி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"துரை திங்கக்கிழமைதான் சொல்லுவாரு" என்றார் தர்மேந்திரன். "பழனியப்பன் இன்னிக்கே எழுதி அனுப்பிடுவாரு."

"ம்."

"வீட்டுக்கு ஆளு காத்துக்கிட்டு இருக்கு."

"அதான் நீங்க சொன்னீங்களே."

அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள்தான். கழற்றிப் போட்ட மழைச்சட்டையை எடுத்து உதறினார். ஆனால் தான் போட்டுக்கொள்ளவில்லை. அவளிடம் நீட்டினார்.

"போட்டுக்க. ஏறு."

"நீங்க நனைஞ்சிடுவீங்களே?"

"நான் ஏற்கனவே நனைஞ்சுதான் இருக்கேன். வா லா, பழனியப்பன் எழுதி அனுப்பிட்டு ஆபீஸைச் சாத்திடப் போறாரு."

"அப்பா, காடியில போலாம்பா" என்று யுவா சாவியைத் தேடினான்.

"காடி அந்த வளைவுல மாட்டிக்கும். சனிக்கிழமை டீ பேக்டரி பாக்க வர்ற கூட்டம் முழுக்க அங்கதான் நிக்குது. மோட்டர்ல பூந்து போயிடலாம்."

"சாம்பார்..." என்றாள் வசுமதி.

"நான் பாத்துக்கறேன், நீங்க போங்க ஆன்ட்டி!" என்று ரூபினி அவளைத் தள்ளாத குறையாக வாசலுக்கு அனுப்பினாள். வசுமதியின் கம்பளிச் சட்டை இன்னும் அந்தப் பெண்ணின் மேல்தான் இருந்தது.

பாதை முழுக்கப் பனி. வளைவில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக விளக்குப் போட்டுக்கொண்டு நின்றன. தர்மேந்திரன் ஓரமாக நுழைந்து நுழைந்து இறங்கினார். அவர் முதுகுச் சட்டை ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வசுமதி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"என்கிட்ட கேட்டிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்றார் அவர், திரும்பாமல்.

"தெரியல. அதான் கேக்கல."

"இனிமே கேளு."

"நீங்களும்."

கீழே, சரிவின் அடியில், ஆபீஸ் கூரை தெரிய வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. கிராணியின் கார் நிற்கிறதா, போய்விட்டதா, ஒன்றும் புலப்படவில்லை. வசுமதி கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மலைப்பாதையில் அவர் பின்னால் உட்கார்ந்து அவள் சொல்லி வந்தது ஒன்றே ஒன்றுதான்: மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க.

"வேகமாப் போங்க!" என்றாள் வசுமதி.